டிராக்டரும் டிரெய்லரும்: பாரம் இழுப்போர் அறிய வேண்டுவன

முன்னாளில் நம் கிராமங்களில் நெல் மூட்டையும் கரும்புக் கட்டும் எருவும் மாட்டு வண்டியிலேயே சென்றன. இன்று அப்பணியைப் பெரும்பாலும் டிராக்டரும் அதன் பின்னே பூட்டப்பெறும் டிரெய்லரும் ஏற்றுக்கொண்டுள்ளன. வண்டி மாறிற்று, பாரத்தின் இயல்பு மாறவில்லை. வண்டியோட்டிய நம் பெரியோர் கைப்பழக்கத்தில் கண்ட உண்மைகள் பலவும் டிரெய்லருக்கும் பொருந்துவனவே.

இதனை எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன், ஏரிக்கரையில் மரக்கன்று நடும் பணிக்காகப் பெண்கள் சிலரைக் கன்றுகளோடு டிரெய்லரில் ஏற்றி அனுப்பினோம். கரையின் ஏற்றத்தில் இணைப்பு ஆணி கழன்றது. டிரெய்லர் பின்னோக்கி உருண்டு பள்ளத்தில் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் ஓர் அம்மையாரின் கால் எலும்பு முறிந்தது. ஆணியின் பூட்டு ஊசியை ஓட்டுநர் சரிபார்க்கவில்லை. அவ்வண்டியில் ஆட்களை ஏற்றலாகாது என்று அறிந்திருந்தும் நான் தடுக்கவில்லை. இவ்விரண்டில் என் பிழையே பெரிது.

பாரம் ஏற்றும் முறை

முன்பாரம், பின்பாரம் என்பவை உழவர் யாவரும் அறிந்த சொற்கள். இரு சக்கர டிரெய்லருக்கும் அதே விதிதான். பின்பாரம் மிகுந்தால் அது டிராக்டரின் பின்பகுதியை மேலே தூக்கும். பின் சக்கரங்கள் பிடிப்பு இழந்து வழுக்கும். வேகத்தில் டிரெய்லர் இருபுறமும் ஆடும். முன்பாரம் அளவு கடந்தால் டிராக்டரின் முன் சக்கரங்கள் தரையினின்று எழும்ப முற்படும், திருப்புவது கடினமாகும். ஆகையால் பாரம் அச்சுக்குச் சற்றே முன்னதாக அமைதல் வேண்டும். கனமான பொருள் அடியிலும் நடுவிலும் இருத்தல் நலம்.

இணைப்பு

டிரெய்லரை அதற்கென அமைந்த தாழ்வான கொக்கியிலேயே பூட்டவேண்டும். அச்சுக்கு மேலே, கலப்பைக்கான மேல் இணைப்பில் சங்கிலி கட்டி இழுப்பது பேராபத்து. அவ்வாறு இழுக்கும்போது டிராக்டரின் மூக்கு மேலெழுந்து, அது ஓட்டுநர் மீதே பின்புறமாகக் கவிழக்கூடும். ஆணி தேயாததாகவும், பூட்டு ஊசி இட்டதாகவும் இருத்தல் அவசியம். ஆணி கழன்றாலும் வண்டியைத் தாங்கிக்கொள்ளத் துணைச் சங்கிலி ஒன்றும் வேண்டும். டிராக்டர் பின்னோக்கி வரும்போது இரண்டு வண்டிகளுக்கும் இடையே எவரும் நிற்றல் கூடாது.

நிறுத்தும் தூரம்

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 5½ மீட்டர் செல்லும். 40 கிலோமீட்டரில் 11 மீட்டர் செல்லும். ஆனால் பிரேக்கை மிதித்த பின் வண்டி நிற்க வேண்டிய தூரமோ இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். மேலும், 2 டன் டிராக்டரின் பின்னே பிரேக் இல்லாத டிரெய்லர் பாரத்தோடு 6 டன் இருப்பின், 2 டன்னுக்கான பிரேக் 8 டன்னை நிறுத்த வேண்டியதாகிறது. அதனாலும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் ஏன் வேண்டும் என்பதும், மெதுவாகச் செல்லுதல் ஏன் இன்றியமையாதது என்பதும் இதனால் விளங்கும்.

டிராக்டரில் வலம் இடம் என இரு பிரேக் மிதிகள் உள்ளன. வயலில் திரும்புவதற்கு அவை தனித்தனியே பயன்படும். சாலைக்கு ஏறுமுன் அவற்றைத் தாழிட்டு ஒன்றாக இணைக்கவேண்டும். இல்லையேல் ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி பக்கவாட்டில் இழுத்துக் கவிழும்.

இறக்கமும் திருப்பமும்

ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அதே கியர் வேண்டும். இறக்கம் தொடங்குமுன்பே அதனைப் போட்டுவிடுதல் வேண்டும். எண்ணெய் மிச்சம் என்று கருதி நியூட்ரலில் இறக்குவோர் எஞ்சினின் பிடிப்பை இழக்கின்றனர். பின்பாரம் டிராக்டரைத் தள்ளத் தொடங்கினால் தடுப்பது அரிது. திருப்பத்தில் டிரெய்லரின் சக்கரங்கள் உட்புறமாக அறுத்துச் செல்லும் ஆதலால் அகலமாகத் திரும்பவேண்டும்.

இரவுப் பயணம்

சாலையோரம் விளக்கின்றி நிற்கும் டிரெய்லர் மீது இருசக்கர வாகனங்கள் மோதி நேரும் மரணங்கள் நம்மை வருத்துவன. பின்புறத்தில் சிவப்பு விளக்கும் ஒளி திருப்பும் பட்டையும் இருத்தல் வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு அவற்றை மறைத்தல் கூடாது. நிறுத்தும்போது சக்கரத்தின் அடியில் கட்டை வைக்கவும்.

ஆட்களை ஏற்றுதல்

டிரெய்லர் சரக்குக்குரியது. திருமணத்திற்கோ, திருவிழாவுக்கோ, வேலைக்கோ அதில் ஆட்களை ஏற்றிச் செல்லுதல் சட்டப்படியும் தவறு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு பெறுவதிலும் இடர் உண்டாகும். மட்கார்டில் அமர்ந்து செல்வதும் அத்தகையதே.

ஊராட்சித் தலைவர்களும் உழவர் குழுக்களும் தத்தம் ஊரிலுள்ள டிராக்டர் ஓட்டுநர்களை அறுவடைக்கு முன்பாக ஒரு நாள் கூட்டி, ஆணி, சங்கிலி, பிரேக், விளக்கு ஆகிய நான்கையும் பார்வையிடச் செய்வார்களாக. செலவு சொற்பம். கால் முறிந்த அந்த அம்மையார் இன்றும் சற்றே சாய்ந்துதான் நடக்கிறார். ஒரு சிறிய பூட்டு ஊசி இருந்திருந்தால், அல்லது நான் ஒரு சொல் சொல்லியிருந்தால், அவர் நிமிர்ந்து நடந்திருப்பார்.