கடைக் கல்லாவும் வீட்டுப் பெட்டியும்

மளிகைக் கடை நடத்துபவரிடம் கடையில் இருப்பு எவ்வளவு என்று கேட்டால், மிளகாய் எத்தனை மூட்டை, உளுந்து எத்தனை மூட்டை என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். வீட்டுக்கு என்று தனியே இருப்பு எவ்வளவு என்று கேட்டால் யோசிப்பார். நம்மில் பலருக்கு இரண்டும் ஒரே கல்லாவில் கிடக்கின்றன. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும், பருப்பு இறக்கிய லாரி வாடகையும் அதிலிருந்தே போகின்றன. வியாபாரம் ஓடும்வரை இதில் குறை தெரிவதில்லை. மகள் திருமணம், மகன் தொழிலுக்கு வருவது, உடல் நலிவு என்று குடும்பத்தில் பெரிய மாறுதல் வரும்போதுதான் தெரிகிறது. இவற்றுள் பெரியது உரிமையாளரின் மறைவு. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அபசகுனம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

தனி உரிமையாளர் கடையில், சட்டத்தின் பார்வையில் கடையும் ஆளும் ஒன்றே. கடையின் பெயரில் வாங்கிய கடனுக்கு அவர் பெயரிலுள்ள வீடும் பொறுப்பு. அவர் காலத்துக்குப் பின், விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகள் கடனைத் தீர்க்க வேண்டும். தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஆனால் வங்கிக் கடனுக்கு மனைவியோ மகனோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர்கள் தப்ப முடியாது. "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று சமையலறைக்குக் காகிதத்தைக் கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் அதிகம்.

மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாம் பல கடைகளில் பார்த்திருக்கிறோம். கடைக்காரர் மறைந்தால், பாக்கி கேட்க வேண்டியவர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே சீட்டுடன் வந்துவிடுவார்கள். அந்த வரிசையில் நம்மைப் போன்ற மண்டிக்காரர்களும் உண்டு. பாக்கி கொடுக்க வேண்டியவர்களோ வரமாட்டார்கள். கடன் நோட்டைப் புரட்டினால் "மாடி வீடு 2,400", "டீக்கடை அண்ணன் 3,150" என்று இருக்கும். எந்த மாடி வீடு? எழுதியவருக்குத் தெரியும். அவர் மனைவிக்கு எப்படித் தெரியும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சரக்குக் கடன் 6 லட்சம், வங்கி ஓவர்டிராப்ட் 5 லட்சம். கொடுக்க வேண்டியது ஆக 11 லட்சம். கடையில் சரக்கு 5 லட்சம், வெளியே வர வேண்டியது 4 லட்சம். ஏட்டில் 2 லட்சம்தான் குறைவு, சமாளித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் மூடிய கடையின் சரக்கு ஏட்டு விலைக்குப் போகாது. பிரிக்காத அரிசி மூட்டைக்கு விலை உண்டு. பிரித்த மூட்டைக்கும், தேதி நெருங்கிய பிஸ்கட்டுக்கும் யார் விலை தருவார்? சரக்குக்கு 3 லட்சமும் வெளிப்பாக்கியில் 2 லட்சமும் கிடைத்தால் நல்லது. பள்ளம் 6 லட்சமாகிவிடும். அதை நிரப்ப வீட்டுப் பத்திரத்தைத்தான் எடுக்க வேண்டிவரும்.

ஆகவே கடன் நோட்டில் முழுப்பெயர், விலாசம், தொலைபேசி எண் எழுதுங்கள். 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, தவணை எதுவும் பேசாமல் கொடுத்த சரக்கின் விலைக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டுகள். மார்ச் 31 கணக்கு முடிக்கையில் பெரிய பாக்கிதாரர்களிடம் கையெழுத்து வாங்குவதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை.

அடுத்து, வீட்டுப் பணத்துக்குச் சுவர். 1874ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 6ஆம் பிரிவின்படி, மணமானவர் தம் ஆயுள் மீது, மனைவி மக்களுக்காக என்று குறிப்பிட்டு எடுக்கும் பாலிசித் தொகை அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிறது. கடன்காரர் அதைத் தொட முடியாது. கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தோடு பாலிசி எடுத்திருந்தால் மட்டும், பாலிசித் தொகையிலிருந்து அவர்கள் கேட்கலாம். இதைப் பாலிசி எடுக்கும்போதே தனிப் படிவத்தில் கேட்டுப் பெற வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது. சாதாரணமாக நாமினி போடுவது வேறு, இது வேறு. அவசரத்துக்கு அந்தப் பாலிசியை அடகு வைக்கும் உரிமையும் நமக்கு இல்லை, முதிர்வுத் தொகையும் அவர்களுக்கே. எனவே குறைந்த பிரிமியத்தில் பெரிய தொகை தரும் டேர்ம் பாலிசிதான் இதற்கு ஏற்றது. கடன் கொடுக்கும் மொத்த வியாபாரியே இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லலாம். குடும்பம் நிலைத்தால்தான் கடை மறுபடி திறக்கும், நம் பாக்கியும் வரும்.

பி.பி.எப். கணக்கையும் கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது. ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை கட்டலாம், 15 ஆண்டில் முதிரும். கடையிலிருந்து மாதம் ஒரு தொகையைச் சம்பளமாக எடுத்து, வீட்டுச் செலவையும் இந்தச் சேமிப்பையும் அதற்குள் அடக்குங்கள்.

வங்கிக் கடைக்கணக்குக்கு நாமினி போட மறந்தவர்கள் ஏராளம். தனி உரிமையாளர் கணக்குக்கும் நாமினி உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர், சொந்தக்காரர் அல்லர். உயிலின்றி ஓர் இந்து ஆண் மறைந்தால், 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி, மகன், மகள் ஆகியோருடன் உயிரோடிருக்கும் தாய்க்கும் சம பங்கு உண்டு. தாயை மறந்துவிட்டுப் பங்கு பேசும் வீடுகள் பல. இஸ்லாமிய, கிறிஸ்தவ உறுப்பினர்களுக்குப் பங்கு முறை வேறு.

கடையை மகன் தொடர்வதானால், அப்பாவின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போடக்கூடாது. மகன் தம் பெயரில் புதிதாகப் பதிவு செய்து, மீதமுள்ள உள்ளீட்டு வரியை ஐ.டி.சி.-02 படிவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். தொடர்பவரே பழைய வரிப் பாக்கிக்கும் பொறுப்பு. அதனால் கணக்கரின் பெயரும் போன் எண்ணும், பாலிசி எண், லாக்கர் சாவி, கடை வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் ரசீது இவை இருக்கும் இடமும் ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்கட்டும். அந்த நோட்டு கல்லாவில் இருக்கக் கூடாது, வீட்டம்மாவிடம் இருக்க வேண்டும்.