முதலில் ஓடட்டும், பிறகு மின்னட்டும்: பழைய புல்லட்டை மீட்டெடுக்க ஒரு வழிகாட்டி

மாட்டுக்கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடக்கும் புல்லட்டைக் கண்டதும் மனசு முதலில் பெயின்ட் கடைக்குத்தான் ஓடும். கறுப்பா, பச்சையா? டேங்கில் தங்கக் கோடு வேண்டுமா? என் முதல் வண்டியை அப்படித்தான் கெடுத்தேன். பெயின்ட், குரோம், புது சீட் எல்லாம் முடித்து நிறுத்திய மறுவாரமே இன்ஜினைக் கழற்ற வேண்டி வந்தது. அப்போது கைநழுவிய ஸ்பானர் டேங்கில் போட்ட வடு இன்னும் இருக்கிறது.

பாதியில் நின்றுபோன வண்டிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதே கதைதான். காசும் ஆசையும் பளபளப்பிலேயே தீர்ந்துவிடும். இன்ஜின் மூட்டைக்குள் தங்கிவிடும். ஆகவே வரிசை முக்கியம். முதலில் தாள், அடுத்து இன்ஜின், அதற்கடுத்து பிரேக்கும் ஒயரிங்கும். அழகு கடைசியில்.

ஏன் புல்லட்?

1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. அங்கிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டத் தொடங்கியவர்கள், சில ஆண்டுகளில் முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். 1970-இல் இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோனது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. அந்த நீள ஸ்ட்ரோக்தான் புல்லட்டின் ‘டுப் டுப்’. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட இந்த இன்ஜினின் அடிப்படை பல பத்தாண்டுகள் மாறவே இல்லை. முதல் முறை கைவைப்பவருக்கு இதனால் பெரிய லாபம்: உதிரி பாகம் கிடைக்கும், பார்த்துப் பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். மைசூரில் செய்த எஸ்டியும் அருமையான வண்டிதான். ஆனால் அதை இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. வண்டிக்கு முன் ஆர்.சி. புத்தகம்

இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். எழுத்துகளின் ஆழம் மாறியிருந்தாலோ, சுற்றிலும் அரம் போட்ட தடம் தெரிந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டியென்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. என்றோ அடைத்த கடன் ஆர்.சி.யில் அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். அதை நீக்கப் படிவம் 35 வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு.

50 வயது தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021-இல் ‘விண்டேஜ்’ பதிவு வந்தது. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்ட நினைப்பவர்கள் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே நல்லது.

2. வாங்கும்போது கையால் கேளுங்கள்

கிக்கரைக் காலால் உதைக்காமல் கையால் மெல்ல அழுத்துங்கள். ஓரிடத்தில் எதிர்த்து நின்றால் கம்ப்ரஷன் இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் ரிங்கோ வால்வோ போயிருக்கலாம். அசையவே இல்லையென்றால் ஜாம். ஜாம் ஆன இன்ஜினுக்குப் பயப்பட வேண்டாம். வெல்டிங் வைத்த கிராங்க்கேஸுக்குப் பயப்படுங்கள். வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் சேசிஸ் கோணியிருக்கலாம்.

பிஸ்டனும் கிளட்ச் பிளேட்டும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்து டூல்பாக்ஸ் மூடியும் கெட்டித் தகரத்து மட்கார்டும் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் நாள் கணக்கில் அலைய வேண்டும். அதனால் இன்ஜின் ஓடுகிற, பாகம் குறைந்த வண்டியைவிட, ஓடாத ஆனால் எல்லாமே இருக்கிற வண்டியே மேல்.

3. பிரிப்பதற்கு முன்னால் ஒரு நோட்டு

பிரிப்பதை யாரும் செய்துவிடலாம். ஆறு மாதம் கழித்துப் பூட்டும்போதுதான் எந்த வாஷர் எங்கே என்று தெரியாமல் விழிப்போம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் மூன்று கோணத்தில் போட்டோ எடுங்கள். காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் பாகம் பாகமாகப் போட்டு, மூடியில் பெயர் எழுதுங்கள். உடைந்த போல்டையும் வீசாதீர்கள். அளவு காட்டி மாற்று வாங்க அதுதான் சாட்சி.

ஸ்பானர் விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள். பழைய புல்லட்டில் பல நட்டுகள் பிரிட்டிஷ் அளவு. விட்வொர்த் கால் அங்குல ஸ்பானரின் வாய் 13.3 மி.மீ. இருக்கும். 13 எண் ஸ்பானர் நுழையாது. 14 எண் நுழைந்து, நழுவி, நட்டின் மூலையை மழுக்கிவிடும். பழைய இரும்புக் கடையில் ஒரு விட்வொர்த் செட் கிடைத்தால் விடாதீர்கள். பிடித்துக்கொண்ட நட்டுக்குத் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

4. கிளப்பிப் பார்த்தல்

ஜாம் ஆகியிருந்தால் பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் வையுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கிக்கரில் ஏறிக் குதித்தால் அதன் பல்தான் உடையும்.

அடுத்தது ஆயில். புல்லட்டின் ஆயில் டேங்க் கிராங்க்கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. வண்டி நெடுநாள் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து, கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். எனவே அடியில் இருக்கும் எல்லா டிரெயின் பிளக்குகளையும் திறந்து வடித்துவிட்டு, புதிதாக 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். கிளட்ச் பக்கத்துச் செயின் கேஸுக்கும் கியர் பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில். அவற்றை மறந்துவிட வேண்டாம்.

இனி இன்ஜினுக்கு வேண்டியது இரண்டுதான்: நேரத்துக்கு ஒரு பொறி, அளவான பெட்ரோல்.

பாயிண்ட்டை நைஸ் எமரித் தாளால் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். கழற்றிய பிளக்கை ஹெட்டில் ஒட்டிப் பிடித்துக் கிக்கரை அழுத்தினால் நீலப் பொறி வர வேண்டும். இதைச் செய்யும்போது பக்கத்தில் பெட்ரோல் இருக்கக் கூடாது. கார்பரேட்டர் ஜெட்டுகளைக் கம்பி விட்டுக் குத்தாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். துவாரம் ஒரு மயிரளவு பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். துருப்பிடித்த டேங்கை ஓரமாக வைத்துவிட்டு, டியூப் மாட்டிய ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு அதிலிருந்து பெட்ரோல் விடுங்கள்.

டேப்பெட்டை இன்ஜின் ஆறியிருக்கும்போது, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் வைத்துச் சரிசெய்யுங்கள். இடைவெளி பூஜ்யம். புஷ் ராடு விரலால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

இப்போது உதை. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்துங்கள். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். டீகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, இரண்டையும் விடுங்கள். பிறகு அரைகுறையாக அல்லாமல் முழு வீச்சில் ஒரே உதை. இந்த ஒழுங்கைத் தாண்டினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பத்திரம். எத்தனையோ வருஷம் வாய் திறக்காத இன்ஜின் ஒரு முறை இருமி, புகைவிட்டு, தன் தாளத்தைப் பிடிக்கும் அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். சந்தோஷத்தில் உடனே முறுக்காதீர்கள். ஹெட்டுக்குப் போகும் ஆயில் குழாயின் போல்டைச் சற்றே தளர்த்துங்கள். ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கசியவில்லையென்றால் அந்தக் கணமே நிறுத்துங்கள்.

5. இன்ஜினைத் திறக்க வேண்டுமா?

நீலப் புகை நிற்காமல் வந்தாலோ, அடியிலிருந்து ‘கடக் கடக்’ என்று கேட்டாலோ திறக்கத்தான் வேண்டும். சிலிண்டரைக் கழற்றிக் கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். செங்குத்தாக ஆடினால் கிராங்க் வேலை இருக்கிறது. புல்லட்டின் மூல அமைப்பில் அங்கே ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். அதன் ஆயுள் ஆயிலின் சுத்தத்தில் இருக்கிறது.

போர் போடுவதென்றால் முதலில் சிலிண்டரை அளந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி, இரண்டையும் சேர்த்து லேத் பட்டறையில் கொடுங்கள். பிஸ்டனைப் பார்த்துத்தான் போர். போரைப் பார்த்துப் பிஸ்டன் அல்ல. வால்வைத் தேய்த்துப் பொருத்தியபின் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். கசியாவிட்டால் சரி.

6. ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

பழைய பிரேக் லைனரின் தூசில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதித் தள்ளாமல், முகமூடி அணிந்து ஈரத்துணியால் துடையுங்கள். சக்கரத்துக்குக் கோட்டம் எடுங்கள். டயர் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஓரத்தில் 1219 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் செய்தது. அந்த எண்ணைப் பார்த்து வயதை முடிவுசெய்யுங்கள். எலி கடித்த ஒயரை ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளாமல், முழு ஒயரிங்கையும் மாற்றி ஒரு ஃபியூஸும் வையுங்கள். பல்பு வாங்கும் முன் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. புது வண்டி ஓட்டிப் பழகிய கால், அவசரத்தில் கியரைத்தான் மிதிக்கும். காலி மைதானத்தில் இரண்டு நாள் பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள்.

7. இப்போது பெயின்ட்

ஆயில் ஒழுகாமல், பிரேக் பிடித்து, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டியை மறுபடி பிரித்துப் பெயின்டுக்குக் கொடுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால், பெட்ரோல் வாடை போகும்வரை கழுவாமல் வெல்டிங் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அது வெடிகுண்டு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், தண்ணீர் தொட்டே தேயுங்கள். டேங்கின் தங்கக் கோடு தொழிற்சாலையில் கையால் இழுத்தது. ஸ்டிக்கர் ஒட்டாமல், பிரஷ் பிடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள்.

பழைய பெயின்ட் முக்கால்வாசி நன்றாக இருந்தால் அதைத் தொடாமல் மெழுகு போட்டு விடுவது இன்னும் நல்லது. எந்தப் பட்டறையிலும் புதுப் பெயின்ட் கிடைக்கும். ஐம்பது வருஷத்துப் பெயின்ட் அந்த வண்டியில் மட்டும்தான் இருக்கும்.

8. பழக்குதல்

புது பிஸ்டன் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்கு 50-ஐத் தாண்டாதீர்கள். மேட்டில் டாப் கியரில் திணறவிடவும் வேண்டாம். முதல் 100-இல் ஒருமுறை, 500-இல் ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். இன்ஜின் ஆறியபின் ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பாருங்கள். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் அரிக்கும். சில வாரம் வண்டி எடுக்க மாட்டீர்கள் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்பரேட்டரில் மிச்சம் இருப்பதை வடித்துவிடுங்கள்.

வாரம் ஒரு முறையாவது இன்ஜின் நன்றாகச் சூடாகும் அளவுக்கு ஓட்டுங்கள். டீக்கடையில் நிறுத்தினால் யாராவது வந்து, “எங்க அப்பா வெச்சிருந்தாரு தம்பி” என்று தொடங்குவார். அவர் கண் போவது டேங்கின் பளபளப்பில் இல்லை, அம்மீட்டரில். “ஒரு உதை உதைங்க, சத்தம் கேப்போம்” என்பார். உதையுங்கள்.