படம் ஏறவில்லையா? பிஎச்பி படிவத்துக்குச் சில குறிப்புகள்

படிவத்தில் பெயர், முகவரி எல்லாம் சேமிப்பாகின்றன. புகைப்படம் மட்டும் வரவில்லை. இந்தப் புகார் வந்ததும் நிரலை (கோடு) மாற்றி எழுத உட்காராதீர்கள். படம் எந்த இடத்தில் நின்றது என்பதைப் பெரும்பாலும் பிஎச்பியே சொல்லிவிடும்.

1. முதலில் $_ஃபைல்ஸ் அணியை அப்படியே திரையில் அச்சிட்டுப் பாருங்கள். அதில் 'எரர்' என்ற இடத்தில் ஓர் எண் இருக்கும். 0 என்றால் படம் சர்வருக்கு நல்லபடியாக வந்துவிட்டது; கோளாறு அதற்குப் பிறகுதான். 1 என்றால் பிஎச்பி அனுமதிக்கும் அளவைப் படம் தாண்டிவிட்டது. 2 என்றால் படிவத்திலேயே நீங்கள் எழுதிவைத்த அளவைத் தாண்டிவிட்டது. 3, பாதியில் அறுந்த பதிவேற்றம். 4, படத்தையே தேர்ந்தெடுக்கவில்லை. 6, தற்காலிக ஃபோல்டர் இல்லை. 7, டிஸ்கில் எழுத முடியவில்லை. 8, ஏதோ ஒரு பிஎச்பி எக்ஸ்டென்ஷன் தடுத்துவிட்டது. இந்த எண்ணைப் பார்க்காமல் செய்யும் திருத்தம் எல்லாம் குருட்டாம்போக்குதான்.

2. அணி காலியாக இருக்கிறதா? ஃபார்ம் டேகில் என்க்டைப் 'மல்டிபார்ட்/ஃபார்ம்-டேட்டா' என்றும், மெத்தட் 'போஸ்ட்' என்றும் இருக்க வேண்டும். என்க்டைப் விட்டுப்போனால் பிரவுசர் படத்தை அனுப்பாது; கோப்பின் பெயரை மட்டும் அனுப்பும். இன்புட்டுக்கு ஐடி கொடுத்தால் போதாது, நேம் கட்டாயம்.

3. என்க்டைப் சரி, ஆனால் $_போஸ்ட், $_ஃபைல்ஸ் இரண்டுமே காலி என்றால், அனுப்பியதன் மொத்த அளவு போஸ்ட்_மேக்ஸ்_சைஸைத் தாண்டியிருக்கும். இங்கே எரர் எண்கூடக் கிடைக்காது. அதனால்தான் பலரும் இதில் மணிக்கணக்கில் தவிக்கிறார்கள்.

4. பிஎச்பியின் இயல்பான வரம்பு, ஒரு கோப்புக்கு 2 எம்.பி., மொத்தப் படிவத்துக்கு 8 எம்.பி. இன்றைய செல்போன் படம் 2 எம்.பி.யைச் சுலபமாகத் தாண்டும். பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸை உயர்த்துங்கள். போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். கோடுக்குள் ஐஎன்ஐ_செட் எழுதிப் பயனில்லை; கோடு ஓடத் தொடங்கும் முன்பே படம் வந்து முடிந்திருக்கும். டெர்மினல் காட்டும் ஐஎன்ஐ கோப்பு வேறு, வலைத்தளம் படிக்கும் கோப்பு வேறாக இருக்கலாம். பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தைப் பிரவுசரில் திறந்து சரியான கோப்பைக் கண்டுபிடியுங்கள். வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். ஐஎன்ஐ கோப்பை மாற்றிய பிறகு பிஎச்பி-எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யவும்.

5. திரையில் 413 வந்தால் பிஎச்பியைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் வலைச் சர்வர் இஞ்சின்எக்ஸ் என்றால், அது இயல்பான வரம்பான 1 எம்.பி.க்கு மேல் ஏற்காமல் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். அதன் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸை உயர்த்துங்கள்.

6. எரர் 0, ஆனாலும் ஃபோல்டரில் படம் இல்லை. வந்த படம் தற்காலிக இடத்தில்தான் கிடக்கும். கோடு முடிந்ததும் பிஎச்பி அதை அழித்துவிடும். அதற்குள் மூவ்_அப்லோடட்_ஃபைல் மூலம் நகர்த்த வேண்டும். போய்ச் சேரும் ஃபோல்டரை அது தானாக உருவாக்காது. பாதையை முழுமையாகக் கொடுங்கள்.

7. 'பெர்மிஷன் டினைட்' என்றதும் ஃபோல்டருக்கு 777 கொடுப்பது மிகக் கெட்ட பழக்கம். சர்வரில் உள்ள எவரும் அதில் எழுதலாம் என்று ஆகிவிடும். உபுண்டுவில் வலைச் சர்வர் வழக்கமாக 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற பயனராக ஓடும். ஃபோல்டரை அந்தப் பயனருக்கு உரிமையாக்கி 755 கொடுத்தால் போதும். அந்த ஃபோல்டருக்குள் பிஎச்பி கோப்பு எதுவும் ஓடாதபடி சர்வர் அமைப்பில் தடுத்துவையுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

8. சிலருடைய படம் மட்டும் ஏறவில்லையா? பின்னொட்டு பெரிய எழுத்தில் '.ஜேபிஜி' என்று இருக்கலாம். ஒப்பிடும் முன் சிறிய எழுத்தாக்குங்கள். ஐபோன் படங்கள் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஹெய்க் வடிவிலும் வருகின்றன. படங்களைக் கையாளும் பிஎச்பியின் ஜிடி நூலகத்தால் அதைத் திறக்க முடியாது.

9. படத்தைச் சிறிதாக்கும்போது வெள்ளைத் திரை வருகிறதா? கோப்பு 3 எம்.பி.தான் என்று நினைக்காதீர்கள். 4000க்கு 3000 பிக்சல் படத்தை ஜிடி திறந்தால் சுமார் 48 எம்.பி. நினைவகம் பிடிக்கும். மெமரி_லிமிட்டைப் பாருங்கள்.

10. பயனருக்கு 'ஏதோ தவறு நேர்ந்தது' என்று மட்டும் காட்டாதீர்கள். 'படம் இத்தனை எம்.பி.க்குள் இருக்க வேண்டும், ஜேபிஜி அல்லது பிஎன்ஜி மட்டும்' என்று படிவத்திலேயே முன்கூட்டி எழுதிவையுங்கள்.