கஞ்சி மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். கீமோதெரபி நடக்கிறது. மூன்று மாதத்தில் எடை 62 கிலோவிலிருந்து 56 ஆகிவிட்டது. நன்றாகச் சாப்பிட்டால் கட்டியும் வளருமாம். சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு வெறும் கஞ்சிதான் குடிக்கிறார். இது சரியா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சரியில்லை. பட்டினி போட்டால் கட்டி சாகாது; தனக்கு வேண்டியதை உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அப்பாவுக்குக் குறைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். புற்றுநோய் கிளப்பும் அழற்சி பசியை மந்தமாக்குகிறது, தசைப் புரதத்தையும் வேகமாகச் சிதைக்கிறது. தசை கரைந்தவர்களைக் கீமோவின் பக்கவிளைவுகள் அதிகம் வாட்டும். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலே கவலைப்பட வேண்டும். அப்பாவுக்குக் கிட்டத்தட்ட 10 சதவீதம்!

உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் தேவை. அதாவது, அப்பாவுக்கு 56 முதல் 84 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் அதுவும் இல்லை. கஞ்சியை நிறுத்த வேண்டாம். வெந்த பாசிப்பருப்பை அதில் மசித்து, ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். முழுதாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், பனீர் என இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உணவு மட்டும் தசையை மீட்காது. டாக்டர் சம்மதித்தால் தினமும் சிறிது நடக்கவும், நாற்காலியிலிருந்து பலமுறை எழுந்து உட்காரவும் சொல்லுங்கள். விழுங்க முடியாவிட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.