சோதனைக் காலத்தில் நிய்யத்



கடந்த சில மாதங்களாக நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வருவோரிடம் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். முன்பெல்லாம் மருத்துவச் செலவு, கல்லூரிக் கட்டணம் என்று ஒரு குறிப்பான தேவையோடு வருவார்கள். இப்போது அதனுடன் பயத்தையும் சுமந்து வருகிறார்கள். வளைகுடாவில் வேலை போய்த் திரும்பிய மகன், ஏறிக்கொண்டே போகும் வீட்டு வாடகை, நாட்டு நடப்பு, நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் குரல் பதிவு எல்லாம் ஒன்றாய்க் கலந்து, எதைப் பற்றிக் கவலைப்படுகிறோம் என்றே பிரித்துச் சொல்ல முடியாத கவலையாக நிற்கிறது. இதற்கு நம் மார்க்கம் தந்துள்ள மருந்து ஒன்றை நாம் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறோம். அதுதான் நிய்யத்.

நிய்யத் என்றதும் ரமளான் இரவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வாசகம்தான் பலருக்கும் நினைவு வரும். வாயால் சொல்வது பற்றி நம்மிடையே பேச்சு உண்டு. அதற்குள் இங்கே போக வேண்டியதில்லை. நிய்யத்தின் இடம் உள்ளம் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. ஒரு செயலை எதற்காக, யாருக்காகச் செய்கிறோம் என்று உள்ளம் தீர்மானிப்பதே நிய்யத். வெள்ளிக்கிழமை வெக்கைக்குக் குளித்தால் அது வழக்கம். ஜும்ஆவின் சுன்னத் என்று எண்ணிக் குளித்தால் அது இபாதத். தண்ணீர் அதேதான்.

செயலின் மதிப்பை நிய்யத்தோடு இணைக்கும் புகழ்பெற்ற ஹதீஸை இமாம் புகாரி (ரஹ்) தமது ஸஹீஹின் முதல் ஹதீஸாக வைத்தார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் நாற்பது ஹதீஸ் நூலும் அதைக் கொண்டே தொடங்குகிறது. நபி (ஸல்) அவர்களிடமிருந்து அதைக் கேட்டு அறிவித்தவர் உமர் (ரலி). அதை அறிவித்தவர் தம்முடைய சோதனைக் காலத்தில் எப்படி நடந்தார் என்று பார்த்தால் நமக்குப் பாடம் கிடைக்கும்.

ஹிஜ்ரி 18, அதாவது கி.பி. 639. அரபு நாட்டில் மழை பொய்த்து நிலம் சாம்பல் நிறமானது. அதனால் அந்த ஆண்டுக்கே ‘ஆமுர் ரமாதா’, சாம்பல் ஆண்டு என்று பெயர் வந்தது. கிராமத்து அரபிகள் கூட்டம் கூட்டமாக மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வெளி மாகாணங்களிலிருந்து உணவு வரவழைத்து, பெரிய பாத்திரங்களில் சமைக்கச் செய்து, தாமே நின்று பரிமாறினார்கள். மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யும் இறைச்சியும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். எண்ணெயை மட்டுமே தொட்டுச் சாப்பிட்டதில் அவர்களின் சிவந்த நிறம் கறுத்துப் போனதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்த ஆண்டு ஜகாத் வசூலை ஒத்திவைத்தார்கள்; பசியால் திருடியவர் மீது திருட்டுக்குரிய தண்டனையை நிறைவேற்றவில்லை. நபியவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழைக்காகத் துஆச் செய்ததும் வரலாற்றில் உள்ளது. சமையல் பாத்திரத்துக்கு அருகில் நின்றது ஒரு இபாதத், மழை கேட்டுக் கையேந்தியது இன்னொரு இபாதத். ஒன்றைச் செய்வதால் மற்றொன்றை விட்டுவிடவில்லை.

அதே காலத்தில் ஷாம் பகுதியில் கொள்ளைநோய் பரவியது. ஃபலஸ்தீனின் அம்வாஸ் என்ற ஊரின் பெயரால் அது அறியப்படுகிறது. ஷாம் நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்களுக்கு ஸர்க் என்ற இடத்தில் இச்செய்தி கிடைத்தது. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்ஸாரிகளிடம் கேட்டார்கள், அங்கும் அப்படியே. மூன்றாவதாகக் குறைஷி முதியவர்களிடம் கேட்டபோது, எல்லாரும் திரும்பிவிடுவதே நல்லது என்றார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அதிலிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்ற நபிவழியை எடுத்துச் சொல்ல, பிரச்சினை தீர்ந்தது.

அபூஉபைதா (ரலி) ஷாமின் ஆளுநர். அவர்களைக் காப்பாற்றும் எண்ணத்தில் உமர் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு அழைத்துக் கடிதம் எழுதினார்கள். தம் மக்களை விட்டு வர அவர்கள் சம்மதிக்கவில்லை. அந்த நோயிலேயே வஃபாத்தானார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அதில் வஃபாத்தானார்கள். பின்னர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து போகச் சொன்னார்கள், நோய் தணிந்தது.

ஒருவர் திரும்பினார், ஒருவர் தங்கினார். இருவரில் யார் சரி என்று மதரஸாவில் ஓதும் நாளிலிருந்தே பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. உமர் (ரலி) வெளியே இருந்தார்கள். முழு உம்மத்தின் பொறுப்பும் அவர்கள் தோளில் இருந்தது. அபூஉபைதா (ரலி) உள்ளே இருந்தார்கள். கைவிட முடியாத படையும் மக்களும் உடனிருந்தார்கள். தம் மீதுள்ள கடமை எது என்ற தெளிவு இருவரிடமும் இருந்தது. பயமோ வீம்போ அவர்களுக்காக முடிவெடுக்கவில்லை. இந்தத் தெளிவைத்தான் நாம் நிய்யத் என்கிறோம்.

நம் வீட்டுக்கு வருவோம். ஃபஜ்ர் தொழுத கையோடு கைப்பேசியைத் தேடுகிறோம். அதற்கு முன் ஐந்து நிமிடம் முஸல்லாவிலேயே உட்கார்ந்து, இன்று என் பொறுப்பில் உள்ள வேலை என்ன, அதை யாருக்காகச் செய்கிறேன் என்று உள்ளத்தில் தீர்மானித்துப் பாருங்கள். சமையல், கடை, தாயாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, எதுவானாலும் சரி. கவலை போய்விடும் என்று சொல்லவில்லை. கவலைக்கு நடுவே கை வேலை செய்யும்.

செய்தி விஷயத்தில் நமக்கு வருத்தம் உண்டு. கலீஃபா மூன்று குழுவினரிடம் கேட்டார்கள். நாம் ஒருவரிடமும் கேட்காமல் நாற்பது பேருக்கு அனுப்புகிறோம். வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லும் கட்டளை ஸூரத்துல் ஹுஜுராத்தில் இருக்கிறது. ‘எதற்கும் அனுப்பி வைப்போம்’ என்பது நிய்யத் அல்ல. அதில் ஒரு குடும்பம் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த தெருவில் அடுப்பு எரியாத வீடு இருக்கும்போது வட்டிக்கு வாங்கி வலீமா விருந்தில் ஐந்து வகை இறைச்சி போடுவதன் நிய்யத் என்ன? கேட்டால் ‘ஊர் என்ன சொல்லும்’ என்பார்கள். அந்த ஊர் நாம்தான். எளிய வலீமா வைக்கும் வீட்டாரைப் பற்றி நாம் குறை பேசாமல் இருந்தாலே பாதிப் பேர் கடனிலிருந்து தப்புவார்கள்.

வெளிநாட்டு வேலை இழந்து திரும்பியவர்களும் கடன் நெருக்கடியில் இருப்பவர்களும் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் மஃரிப் வரை அலுவலகத்திற்கு வரலாம். வேலை கொடுக்க வாய்ப்புள்ள வியாபாரிகளும் அதே நேரத்தில் வந்து தெரிவித்தால் இருவரையும் சந்திக்க வைக்க வசதியாக இருக்கும். பெண்கள் வீட்டாருடன் வரலாம், அல்லது பெண்கள் மதரஸா உஸ்தாதாவிடம் சொல்லி அனுப்பலாம். உதவி பெறுவோரின் பெயர் எங்கும் வெளியிடப்படாது.