எண்ணம் முந்தும், நாவு பிந்தும்
ஓட்டிசம் உள்ளவர்களின் பேச்சைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு பாடம்



இறக்கக்கண்டிப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த இடத்தின் அமைப்புத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. மாரி மழையில் களப்பு நிரம்பும்போது, அவ்வளவு நீரும் ஒடுங்கிய முகத்துவாரத்தின் வழியாகவே கடலைச் சேரவேண்டும். வெளியே வரும் நீரை மட்டும் பார்த்து, உள்ளே நீர் இல்லை என்று அவ்வூரார் எவரும் சொல்லமாட்டார்.

ஆனால் மனிதரைப் பற்றி அப்படித்தான் சொல்லிவிடுகிறோம். கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்லாத பிள்ளையை "மந்தம்" என்கிறோம். சொல்லத் தொடங்கித் தடுமாறுபவனை "ஒன்றும் தெரியாதவன்" என்கிறோம். ஓட்டிசம் உள்ள பலர் இத்தீர்ப்பை வாழ்நாள் முழுவதும் சுமக்கிறார்கள். அது ஏன் பிழையானது என்பதே இவ்வாரப் பாடம்.

ஓட்டிசம் என்பது என்ன?

மதியிறுக்கம் என்றும் இதனை எழுதுவர். பிறரோடு உறவாடுவதிலும், கருத்தைப் பரிமாறுவதிலும், ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை உணர்வதிலும் மூளை வேறு விதமாக வளர்ந்திருக்கும் நிலை இது. 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளை அவதானித்து இதனை விபரித்தார். தாயின் அன்புக் குறைவால் இது வருகிறது என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. அது தவறென்று பின்னர் தெளிவாயிற்று. இலங்கையில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான சிறிய ஆய்வொன்று, 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இதனைக் கண்டது. ஆகவே இது எங்கோ தொலைவில் உள்ள காரியமல்ல.

பேச்சு எப்படிப் பிறக்கிறது?

நாம் பேசும்போது விநாடிக்கு இரண்டு மூன்று சொற்கள் வருகின்றன. அதற்குள் எண்ணத்தைத் தெரிந்து, அதற்குரிய சொல்லைத் தேடி, சொற்களை ஒழுங்குபடுத்தி, உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு எல்லாவற்றையும் ஒன்றாக அசைக்கவேண்டும். இத்தனையும் நாம் அறியாமலே நடந்துவிடுவதால், பேச்சு இலகுவானது என்று எண்ணிக்கொள்கிறோம்.

பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஒருவர் கேள்வியை முடித்ததும் மற்றவர் விடையைத் தொடங்க எடுக்கும் நேரம் சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்கே. ஆனால் ஒரு படத்தைக் கண்டு அதன் பெயரைச் சொல்லத் தொடங்குவதற்கே அரை விநாடிக்கு மேல் பிடிக்கிறது. அப்படியென்றால், மற்றவர் பேசி முடிக்கும் முன்பே நாம் விடையை ஆயத்தம் செய்துவிடுகிறோம். கேள்வியை முழுவதும் கேட்டு, விளங்கி, அதன் பின்பே சொல் தேடும் ஒருவர் எப்போதும் பிந்தித்தான் போவார். அவர் வாயைத் திறக்கும்போது பேச்சு வேறொரு பொருளுக்குப் போயிருக்கும்.

தடை எங்கே ஏற்படுகிறது?

எல்லாருக்கும் ஓரிடத்தில் அல்ல. சிலருக்கு எண்ணங்கள் சொல்லாக வருவதில்லை, படமாக வருகின்றன. 1947இல் பிறந்த அமெரிக்கக் கால்நடை விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின் ஓட்டிசம் உள்ளவர். மூன்று வயது கடந்தும் பேசாதிருந்தவர். பிறர் சொல்வது விளங்கியும் தம் சொல் வெளிவராதபோது, கத்துவதே தமக்கிருந்த ஒரே வழி என்று பின்னாளில் எழுதினார். தாம் படங்களாகச் சிந்திப்பதை 1995இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அவர் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர்.

வேறு சிலருக்கு எண்ணங்கள் ஒரே நேரத்தில் பலவாக விரைந்து வரும். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் நா நின்றுவிடும். இன்னும் சிலருக்குச் சொல் தெரியும், ஆனால் வாயசைவு கீழ்ப்படியாது. தனக்குப் பிடித்த பொருளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவன், "இன்றைக்குப் பள்ளிக்கூடம் எப்படி?" என்ற சிறு கேள்வியில் சிக்கிக்கொள்வதும் உண்டு. சந்தடியும் அச்சமும் கூடினால், இருந்த பேச்சும் நின்றுவிடலாம்.

நம் தமிழும் ஒரு சுமையை வைக்கிறது. தம்பி "வாறான்", மாமா "வாறார்", புத்தகத்திலோ "வருகிறார்". ஆள், பால், எண், மரியாதை எல்லாவற்றையும் தீர்மானித்த பின்பே வினைச்சொல்லை முடிக்கலாம். "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்டால், "உனக்குத் தண்ணி வேணும்" என்று பிள்ளை திருப்பிச் சொல்லக்கூடும். அது பகிடியுமல்ல, மரியாதைக் குறைவுமல்ல. கேட்ட சொற்களையே எடுத்துத் தன் தேவையைச் சொல்கிறது. கானர் தாம் கண்ட பிள்ளைகளிலும் இதனைக் குறித்துவைத்தார்.

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஓட்டிசம் உள்ளவர்களில் கற்றலில் பெரும் இடர்ப்பாடு உள்ளவர்களும் உண்டு, கூர்மையான அறிவு உள்ளவர்களும் உண்டு. பேச்சை மட்டும் கொண்டு யார் எவர் என்று அளக்க முடியாது.

தவறான தீர்ப்பின் விலை

வகுப்பில் பின்வாங்கில் இருத்தப்படும் பிள்ளையோடு இது முடிவதில்லை. வயிற்று நோவோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். "எங்கே நோகுது? எப்ப தொடங்கினது? காய்ச்சல் இருந்ததா?" என்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள். முதலாம் கேள்விக்கே அவன் இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கிறான். கேள்விகள் நின்றால் போதும் என்று "ஓம்" என்கிறான். அந்த "ஓம்" எழுதப்படுகிறது. நோவின் உண்மையான இடம் எழுதப்படவில்லை. அடித்தது யார், பயமுறுத்தியது யார் என்று சொல்லவேண்டிய வேளையிலும் இதுவே நேரிடலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. பொறுத்திருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1974இல் எழுதியதன்படி, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியளவே பொறுத்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் பொறுக்கப் பழகியபோது, சாதாரணப் பிள்ளைகளின் விடைகளே நீண்டன, பேசாதிருந்தவர்களும் பேசினர். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு மனதுள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். இடையில் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்டால், அது முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும்.

2. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "என்ன நடந்தது?" என்பதைவிட, "யாரோடு விளையாடினாய்?" என்பது இலகு.

3. வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். பிள்ளை சொல்ல நினைத்தது வேறாக இருக்கலாம்.

4. "என்னைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்தாதீர்கள். முகத்தைப் பார்ப்பதும் சொல் தேடுவதும் பலருக்கு ஒரே நேரத்தில் இயலாதவை.

5. வேறு வழிகளைத் திறந்துவிடுங்கள். எழுதட்டும், வரையட்டும், படத்தைக் காட்டட்டும். அஜித் நாராயணன் என்ற பொறியியலாளர் சென்னையில் உருவாக்கிய "ஆவாஸ்" என்னும் செயலி, படங்களைத் தொட்டால் தமிழிலும் பேசும். அது கிடைக்காவிட்டால் ஒரு காட்போட் மட்டையில் தண்ணீர், சோறு, நோவு, போதும், வேண்டாம் என்று படம் ஒட்டினாலே தொடங்கலாம். இப்படிச் செய்தால் பிள்ளை பேசாமலே விட்டுவிடும் என்று அஞ்சவேண்டாம். 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றில், இவ்வழியால் பேச்சுக் குறைந்தவர் ஒருவரும் இல்லை, பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. ஆனால் படத்தைக் காட்டுவது பிள்ளையின் கையாகவே இருக்கட்டும். பெரியவர் கையைப் பிடித்து நடத்தினால், வருவது பெரியவரின் சொல்லே என்று 1990களின் சோதனைகள் காட்டின.

6. காலம் தாழ்த்தாதீர்கள். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, விரலால் சுட்டிக்காட்டாமை, சொற்கள் பிந்துதல், வந்த சொற்கள் மறைதல் ஆகியவற்றைக் கண்டால், கிளினிக்கில் மருத்துவமாதிடம் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்று சோதிக்கவும், பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பவும் கேளுங்கள். தமிழ் பேசும் சிகிச்சையாளர் நாட்டில் குறைவாதலால், காத்திருக்கும் காலத்திலும் மேற்சொன்னவற்றை வீட்டில் செய்யுங்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். வாயால் ஒப்புவிக்க இயலாத பிள்ளை, எழுதியோ படத்தைத் தொட்டோ விடை சொன்னால் அதுவும் விடையே.

வீட்டில் கலந்து பேச

நம் குடும்பத்தில், அயலில் பேச்சுக் குறைந்தவர் எவரையேனும் "மந்தம்" என்று எண்ணியிருக்கிறோமா? அவர் சொல்ல வந்ததை யார் இதுவரை கடைசிவரை கேட்டிருக்கிறார்கள்? இன்றிரவு சாப்பாட்டு வேளையில், ஒருவர் பேசி முடித்து ஐந்து விநாடி கழிந்த பின்பே அடுத்தவர் பேசுவது என்று வைத்துப் பாருங்கள். அந்த ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்பதும், அதற்குள் வாய் திறப்பவர் யார் என்பதும் உங்களுக்கே தெரியவரும்.