தலைப்பிலேயே விஷயம் வரட்டும்
(இணையத்துக்குக் கட்டுரை எழுதும் நண்பர்களுக்கு, தலைப்பும் துணைத்தலைப்பும் எழுதுவது பற்றிச் சில பாடங்கள்)



இன்றைக்கு நம்மில் எழுதாதவர் யாருமில்லை. ரத்ததான முகாம் நடந்தால் ஒரு செய்தி, தொழிற்சாலை பார்க்கப் போய்வந்தால் ஒரு கட்டுரை, இறுதியாண்டு பிராஜெக்ட் முடிந்தால் அதற்கு ஒரு விளக்கம் என்று இணையத்தில் எதையாவது போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் கட்டுரைக்கு மூன்று நாள் செலவழிக்கிற நாம், தலைப்புக்கு மூன்று நிமிஷம்கூடக் கொடுப்பதில்லை. 'ஓர் இனிய அனுபவம்', 'அன்றும் இன்றும்', 'ஒரு கண்ணோட்டம்' என்று வாய்க்கு வந்ததை மேலே வைத்து அனுப்பிவிடுகிறோம்.

அச்சடித்த மலரில் இது செல்லும். பக்கத்தைப் புரட்டுகிறவர் கண்ணில் தலைப்போடு கட்டுரையும் பட்டுவிடும்; நம்ம கூட்டாளி எழுதியது என்று இரண்டு வரி வாசித்தும் பார்ப்பார். இணையத்தில் அப்படி இல்லை. அங்கே தலைப்பு கட்டுரையை விட்டுப் பிரிந்து தனியாகப் போகிறது. செல்போனில் 'டிங்' என்று வந்து விழும் ஒற்றை வரி, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் இணைப்பு, கூகுளில் தேடினால் வரும் பட்டியல், எல்லா இடத்திலும் வாசகர் முதலில் காண்பது தலைப்பைத்தான். பல பேர் அதோடு நின்றும்விடுகிறார்கள். 2016-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 59 சதவீதத்தை ஒருவர்கூடத் திறக்கவில்லை என்று கண்டார்கள். திறக்காமலே அடுத்தவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்! அப்படியென்றால் ஊரெல்லாம் சுற்றுவது கட்டுரை அல்ல, தலைப்பு. அது தனியாக நின்றாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வரும் பாடம்.

தமிழில் 'இல்லை' கடைசியில் வருகிறது

தலைப்பு எழுதச் சொல்லித்தரும் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். பெரும்பாலும் ஆங்கிலத்துக்காக எழுதியவை. அவற்றை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஒரு பெரிய வில்லங்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இல்லை' என்பதற்கான சொல் பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும். நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். உண்டா இல்லையா, நடந்ததா நடக்கப்போகிறதா என்பதெல்லாம் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. செல்போன் திரையோ நீளமான வரியைக் கடைசியில்தான் வெட்டுகிறது.

நானே உண்டாக்கிய ஓர் உதாரணம் சொல்கிறேன்.

'கனமழை எச்சரிக்கை காரணமாக குமரி மாவட்டத்தில் உள்ள பள்ளி, கல்லூரிகளுக்கு நாளை விடுமுறை அளிக்கப்படவில்லை'

இதில் தப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் போனில் 'நாளை விடுமுறை' வரைக்கும் தெரிந்து, பிறகு மூன்று புள்ளி வந்தால் என்ன ஆகும்? "ஏ மக்கா, நாளைக்கு லீவுடே!" என்று ஒருத்தன் குரூப்பில் போடுவான். மறுநாள் லேப் டெஸ்ட்டுக்குப் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். அதையே,

'நாளை விடுமுறை இல்லை: குமரியில் பள்ளி, கல்லூரிகள் இயங்கும்'

என்று எழுதினால் எந்த இடத்தில் வெட்டினாலும் செய்தி தப்பாகாது. முதல் மூன்று சொல்லில் முடிவு வந்துவிட்டது. அந்த முக்காற்புள்ளி (:) சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் தமிழில் முடிவை முன்னால் கொண்டுவர அதைப்போல் உதவுவது வேறில்லை.

எத்தனை எழுத்து இருக்கலாம் என்றும் கேட்பார்கள். ஆங்கிலத்துக்கு 60 எழுத்து என்று கணக்குச் சொல்கிறார்கள். நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 'கன்னியாகுமரி' என்ற சொல் நம் கண்ணுக்கு 7 எழுத்து. கம்ப்யூட்டருக்கோ, யூனிகோடு முறையில் மெய்ப்புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி 12 குறியீடு. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 36 பைட். போதாக்குறைக்கு கூகுள் எழுத்தை எண்ணுவதே இல்லை, திரையில் பிடிக்கும் அகலத்தைப் பார்த்துத்தான் வெட்டுகிறது. 'ணை', 'ளௌ' போன்றவை எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே எண்ணிக்கொண்டிருக்காமல், எழுதிய தலைப்பை உங்கள் போனுக்கே அனுப்பிப் பாருங்கள். எங்கே வெட்டுகிறது என்று தெரிந்துவிடும். 'கன்னியாகுமரி மாவட்டத்தில்' என்பதைப் பத்திரிகைக்காரர்கள் 'குமரியில்' என்று எப்போதோ சுருக்கிவிட்டார்கள். நெல்லை, கோவை, தஞ்சை எல்லாம் தலைப்புக்கு உதவும் பெயர்கள்தான்.

சாயாக்கடையில் படித்த தமிழ்

இந்தச் சுருக்கும் கலை இணையத்தோடு வந்ததல்ல. 'தினத்தந்தி'யை 1942-ல் மதுரையில் தொடங்கிய சி.பா.ஆதித்தனார் லண்டனில் பாரிஸ்டர் படிப்பு படித்தவர். ஆனால் அவர் பத்திரிகை நடத்தியது எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்காக. பேச்சு வழக்கில் இல்லாத சொல் வேண்டாம், சின்னச் சின்ன வாக்கியம் போதும் என்று தம் நிருபர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களுக்காக ஒரு கையேடும் எழுதினார். பத்திரிகைக்கு வைத்த பெயரைப் பாருங்கள்! தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. வேண்டாத சொல்லைச் சேர்த்தால் கைக்காசு போகும். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. பத்திரிகையில் அந்தப் பெயர் மட்டும் நிற்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதையும் ஒன்று உண்டு. இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலத்தில், நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த டி.வி.ராமசுப்பையர் 1951-ல் திருவனந்தபுரத்தில் 'தினமலர்' நாளிதழைத் தொடங்கினார். தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்ற போராட்டத்துக்கு அது குரல் கொடுத்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. 1957-ல் பத்திரிகையும் திருநெல்வேலிக்கு வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த அந்த நாளில், சாயாக்கடையில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். எனவே நல்ல தலைப்பு என்பது காதால் கேட்டாலும் விளங்க வேண்டும். இன்றைக்கும் அது நல்ல சோதனைதான். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். "என்னது?" என்று திருப்பிக் கேட்டால் மாற்றி எழுதுங்கள்.

பலி, மாயம், அதிரடி

பத்திரிகைகளைப் புகழ்ந்த வாயால் ஒரு குறையும் சொல்ல வேண்டும். சுருக்கமாக இருக்கிறது என்பதற்காகவே சில சொற்கள் தலைப்பில் குடியேறிவிட்டன. 'பலி' என்றால் தெய்வத்துக்குக் கொடுப்பது. பஸ் மோதிச் செத்தவரை யார் யாருக்குப் பலி கொடுத்தார்கள்? இரண்டே எழுத்து, இடம் மிச்சம், அவ்வளவுதான் காரணம். அதேபோல 'மாயம்'.

2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. அப்போது நான் சிறு பையன். எங்கள் ஊர் மலைப்பக்கம், வாழையும் ரப்பரும் சாய்ந்ததுதான் நான் கண்ணால் கண்டது. ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களில் ஆழ்கடலுக்குப் போனவர்களைக் காணாமல் குடும்பங்கள் கரையில் காத்துக்கிடந்தன. இத்தனை மீனவர் மாயம் என்று தினம் ஓர் எண் வரும். அரசு சொன்ன கணக்கு ஒன்று, மீனவ அமைப்புகளும் தேவாலயங்களும் சொன்ன கணக்கு வேறு. எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. இதற்கிடையில் பல படகுகள் லட்சத்தீவிலும், மகாராஷ்டிராவின் தேவ்கட் துறைமுகத்திலும் ஆட்களோடு பத்திரமாக ஒதுங்கியிருந்தன. பலர் திரும்பவே இல்லை என்பதும் உண்மை.

இப்போது யோசியுங்கள். காத்திருக்கும் ஒரு தாய்க்கு 'மாயம்' என்ற சொல் என்ன சொல்கிறது? ஒன்றுமில்லை. 'கரை திரும்பவில்லை' என்பது கொஞ்சம் நீளம், ஆனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறது. ஆள் உயிரோடு தேவ்கட்டில் இருக்கும்போது 'பலி' என்று ஒரு தலைப்பு போனால், அந்த வீட்டில் விழும் ஒப்பாரிக்கு யார் பதில் சொல்வது? எண்ணைப் போட்டால் அது யார் சொன்ன எண், எத்தனை மணி நிலவரம் என்று கீழே துணைத்தலைப்பில் கண்டிப்பாக வரவேண்டும். 1948-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு எண்ணி முடிவதற்குள் 'சிகாகோ டெய்லி டிரிப்யூன்' டியூயி ஜெயித்துவிட்டதாகக் கொட்டை எழுத்தில் போட்டது. ஜெயித்த ட்ரூமன் அந்தப் பத்திரிகையையே தூக்கிக் காட்டிச் சிரிக்கும் படம் உலகப் பிரசித்தம். அது சிரிப்போடு போயிற்று. கடற்கரையில் அப்படிப் போகாது.

இப்போது இணையத்தில் புது வியாதி: 'குமரி மக்களே உஷார்!', 'இந்த ஒரு பொருளைத் தொட்டுவிடாதீர்கள்', 'கடைசியில் நடந்த ட்விஸ்ட்'. விஷயத்தை ஒளித்துவைத்து ஆளை இழுக்கிற வேலை. இதைக் குறைக்க வேண்டுமென்று ஃபேஸ்புக் நிறுவனமே 2016 ஆகஸ்டில் அறிவித்தது. விஷயத்தை மறைக்கும் தலைப்பையும், இல்லாததை இருப்பதாகக் காட்டும் தலைப்பையும் பின்னுக்குத் தள்ளுவோம் என்றார்கள். முழுதாக ஒழிந்ததாகத் தெரியவில்லை! நாவலுக்குத் தலைப்பு வைப்பது வேறு. 'ஒரு புளியமரத்தின் கதை' என்று நம்ம நாகர்கோவில்காரர் சுந்தர ராமசாமி வைத்தால், மரத்துக்கு என்ன கதை என்று வாசகர் ஆசையோடு உள்ளே போகலாம். மழை எச்சரிக்கையில் அந்த விளையாட்டு கூடாது.

கேள்விக்குறித் தலைப்பையும் பார்த்துப் போடுங்கள். கேள்விக்குறியோடு முடியும் எந்தத் தலைப்புக்கும் 'இல்லை' என்று பதில் சொல்லிவிடலாம் என்று இயன் பெட்டரிட்ஜ் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 2009-ல் எழுதினார். 'ரப்பர் விலை 300 ரூபாயைத் தொடுமா?' என்று போடுகிறார்கள். தொட்டிருந்தால் 'தொட்டது' என்றுதானே போட்டிருப்பார்கள்!

துணைத்தலைப்பின் வேலை

ரப்பர் என்றதும் எங்கள் அப்பா ஞாபகம் வருகிறது. அவர் பால்வெட்டுத் தொழிலாளி. சொந்தமாகக் கொஞ்சம் மரமும் உண்டு. வீட்டில் பள்ளிப் படிப்பைத் தாண்டியது நான்தான் முதல். அப்பா தலைப்பை மட்டும் எழுத்துக் கூட்டி வாசிப்பார், கீழே பொடி எழுத்துக்குப் போகமாட்டார். 'ரப்பர் விலை கிடுகிடு உயர்வு' என்று பார்த்தால் என்னிடம் கேட்பது, "எவ்வளவுடே கூடிச்சு?" என்பதுதான். ஷீட்டை இன்றைக்கே கடையில் போடவா, அடுத்த வாரம் வரை வைக்கவா என்பது அந்த எண்ணில் இருக்கிறது. கிடுகிடுவில் இல்லை. தலைப்பில் 'ரப்பர் கிலோவுக்கு 4 ரூபாய் ஏறியது' என்றும், துணைத்தலைப்பில் எந்தத் தரம், எந்த ஊர் மார்க்கெட், என்றைய விலை என்றும் இருந்தால் அவருக்கு நான் வேண்டாம்.

இன்னொன்று நம் எல்லோருக்கும் தெரிந்தது. 2022 செப்டம்பரில் 'புதுமைப் பெண்' திட்டமும், 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் தொடங்கின. 'மாணவர்களுக்கு மாதம் ரூ.1,000' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, கிடைக்காதவர்களும் பாங்க் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆறாம் வகுப்பு முதல் எந்தப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியமான நிபந்தனை. அது பத்தாவது பாராவில் கிடந்தால் பிரயோஜனமில்லை. தலைப்பு 'என்ன' என்று சொன்னால் துணைத்தலைப்பு 'யாருக்கு, எப்போது, எந்த நிபந்தனையில்' என்று சொல்ல வேண்டும். தலைப்பையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லும் துணைத்தலைப்பு வீண்.

கட்டுரைக்கு நடுவே போடும் சிறு தலைப்புகளுக்கும் இதே விதி. 'முன்னுரை', 'பொருளுரை', 'முடிவுரை' என்பவை பரீட்சைப் பேப்பருக்குச் சரி. போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் சிறு தலைப்புகளை மட்டும் பார்த்தாலும் பாதி விஷயம் கிடைக்க வேண்டும்.

கடைசியாக நம் துறை உதாரணம் ஒன்று. 'மழைநீர் சேகரிப்பு - ஒரு பார்வை' என்ற தலைப்பு இல்லாத பாலிடெக்னிக் உண்டா? கணக்குப் போடுங்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 930 லிட்டர். இனித் தலைப்பு: 'ஒரு செ.மீ. மழைக்கு 930 லிட்டர்: மொட்டைமாடித் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவரும் முறை'. துணைத்தலைப்பு: '1,000 சதுர அடி வீட்டுக்கான கணக்கு, குழாய் அளவு, செலவு'. கட்டுரையை எழுதும் முன்பே இந்த இரண்டு வரியையும் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் பிராஜெக்டில் இன்னும் ஏதோ அளக்காமல் விட்டிருக்கிறோம். பேனாவை வைத்துவிட்டு டேப்பை எடுக்க வேண்டியதுதான்.